நீர் முந்தியோ, கத்தி முந்தியோ?

மழித்தலையும் நீட்டலையும் வள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்திலே ஒருங்கு வைத்துப் பேசினார். தவக்கோலம் பூண்டார்க்கு மயிரைப் பற்றிய கவலை மிகை என்பது அவர் துணிபு. எவ்விடத்து நின்று மழிப்பது, நீராடு முன்னரோ, நீராடும்போதோ, நீராடிய பின்னரோ என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. துறவிக்கு ஆறும் குளமுமே குளிப்பறை. கண்ணாடியும் அவனிடத்து இராது.

இல்லறத்தார்க்கு, அதிலும் காலை ஏழரை மணிக்கு முன்னர்ப் பாடசாலை வாயிலைக் கடக்கவேண்டிய இல்லறத்தார்க்கு, அவ்வினா நாள்தோறும் எழுகின்றது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே ஓர் இடைவேளை முழுவதையும் அது விழுங்கியதுண்டு. கணிதம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர், தாம் ஷவரின் கீழ் நின்றபடியே முகம் வழித்துக்கொள்வதாகவும், கண்ணாடியும் பேசினும் தமக்கு வேண்டியதில்லை என்றும் கூறினார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே எஞ்சியுள்ள மற்றொருவர், “வழிச்சாப் பிறகுதான் தோய்ச்சல். தோய்ஞ்சு போட்டு வழிக்கிறது எங்கையும் உண்டோ?” என்று சினந்தார். பேசினின் முன் நின்று கண்ணாடி பார்த்து வழிப்பதே நாகரிகம் என்றார் மூன்றாமவர். சிறு பொருளென்று நகைத்து விட்டுவிடலாம். ஆயினும் அம்மூவர் கூற்றிலும் வெவ்வேறு காரணங்கள் மறைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று நாம் வாய்விட்டுப் பேச விரும்பாதது.

சொல்லிலிருந்து தொடங்குவது எம்போலியர் வழக்கம்; வாசகர் பொறுத்தருள்க. சவரம் என்பது வடசொல்லின் திரிபு. க்ஷுரம் என்பது மழிக்கும் கத்தி. அதனாற் செய்யப்படும் தொழில் க்ஷௌரம். அதுவே நம் நாவிற் சவரமாயிற்று. கிரேக்கரும் அக்கத்தியை க்சுரோன் என்றே வழங்கினர். இரண்டும் ஒரு குடியிற் பிறந்த சொற்கள் என்பது மொழிநூலார் முடிபு. தமிழிலே சிரைத்தல் உண்டு. இன்று அது வசைமொழியுள் அகப்பட்டு மதிப்பிழந்து போயிற்று. மழித்தல் ஏட்டளவில் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே உயிரோடிருப்பது வழித்தல் என்னும் சொல்லே.

அச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நெற்றி வியர்வையை விரலால் வழிக்கின்றோம்; அம்மியில் அரைத்த சம்பலை வழித்தெடுக்கின்றோம்; சட்டியின் அடியிற் கிடக்கும் கூழை வழித்துக் குடிக்கின்றோம். ஈரமுடையது, குழைவுடையது எதுவோ அதனையே வழித்தல் கூடும். உலர்ந்ததை எவரும் வழிப்பதில்லை, அதனைச் சுரண்டுவர். ஆகவே, முகம் வழித்தல் என்று முதலிற் சொன்னவன் நீரும் நுரையும் முகத்திற் படிந்திருப்பதை மனத்துட் கொண்டே சொன்னான் போலும். காலையிற் கண்விழித்த கையோடு, இரண்டு சொட்டுத் தண்ணீரை விரலால் தொட்டுப் பூசிவிட்டு அலகை இழுக்கின்றவர் முகத்தை வழிக்கின்றாரல்லர், சுரண்டுகின்றார். அவர் கன்னத்துச் சிவப்பே அதற்குச் சான்று.

பௌதிகமும் இச்சொல்லின் பக்கமே நிற்கின்றது. மயிரின் உடற்பொருள் கெரற்றின் என்னும் புரதம். நகமும் மாட்டுக் கொம்பும் அவ்வினமே. உலர்ந்த நிலையில் வன்மையாயிருக்கும் மயிர், நீரை உறிஞ்சியதும் பருத்து நெகிழ்கின்றது. அந்த நெகிழ்ச்சி நொடியில் வருவதன்று. இரண்டு மூன்று நிமிடமாவது நீர் ஊறல் வேண்டும். இளஞ்சூடு அதனை விரைவுபடுத்தும். தோலிற் சுரக்கும் எண்ணெய்ப்பசை அதனைத் தடுக்கும். அப்பசையை நீக்குவது சவர்க்காரத்தின் முதற்றொழில். நுரைக்கு வேறொரு தொழிலும் உண்டு. ஊறிய நீரை உலரவிடாது மயிரோடு பிடித்து வைத்திருப்பது அதுவே. நன்றாக ஊறிய மயிரை வெட்டுதற்கு, உலர்ந்ததை வெட்டுதற்கு வேண்டிய விசையிலும் மிகக் குறைந்த விசையே போதும்.

மயிர் மென்மையானது, உருக்கு வன்மையானது, பின்னர் ஏன் அலகு சில நாளில் மழுங்குகின்றது என்னும் ஐயம் மாணவர் பலருக்கு உண்டு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து ஆய்வாளர் சிலர், மயிரை அலகு வெட்டும் காட்சியை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தனர். அலகின் விளிம்பு உருண்டு தேய்வதைக் காட்டிலும் ஆங்காங்கே சில்லுச் சில்லாகப் பெயர்வதே பெரிது என்று கண்டனர். உருக்கின் உட்கட்டமைப்பு ஒரே சீராக இராமையும், மயிர் சாய்ந்து வளைந்து அலகை எதிர்கொள்வதும் சேர்ந்து, தன்னிலும் ஐம்பது மடங்கு வன்மையான உருக்கை மயிர் பெயர்த்துவிடுகின்றதாம். ‘மயிரளவு’ என்று எதனையும் இகழ்வார் இதனைக் கருதுக.

இவ்வளவும் கேட்ட கணித ஆசிரியர், “அதைத்தானே நானும் சொன்னேன்” என்பார். ஷவரின் கீழ் நிற்பவனுக்கு மயிர் தானாகவே ஊறிவிடுகின்றது. அவ்வளவில் அவர் கட்சி வலியுடையதே. ஆனால் அவர் வாழ்வது யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்பதை அவர் மறந்தார். இங்கே வற்றாத ஆறு ஒன்றில்லை. ஆறென்று பெயர் பெற்றது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. சவரத்தைப் பற்றி எழுதுமிடத்து வழுக்கை என்னும் பெயர் தானே வந்து வாய்த்தது, நான் தேடியதன்று. நம் நீரெல்லாம் சுண்ணக்கற் பாறையின் வெடிப்பிலும் துளையிலும் தங்கிய மழைநீர். உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம் அது. மேலே மிகுதியாக இறைத்தால் கீழேயுள்ள உவர் ஏறிவிடும். ஷவர் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 முதல் 10 லீற்றர் வரை நீரைச் சொரிவது. ஐந்து நிமிடம் அதனைத் திறந்துவிட்டபடி நின்று முகம் வழிப்பவர் 40 லீற்றருக்குக் குறையாமல் வடிகாலுக்கு அனுப்புகின்றார். கிண்ணமொன்றில் நீரெடுத்து வழிப்பவருக்கு ஒரு லீற்றர் மிகை. துலா மிதித்து வாளி வாளியாக இறைத்த நாளில் நீரின் கணக்கு மிதித்தவன் காலுக்குத் தெரிந்தது. மின்னிறைப்பியும் தண்ணீர்த்தாங்கியும் வந்தபின் அது எவருக்கும் தெரிவதில்லை.

சுண்ணக்கல் தரும் இடர் இன்னொன்றும் உண்டு. கல்சியம் மிக்க நம் கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. சவர்க்காரத்தின் ஒரு கூறு கல்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெண்சாம்பல் நிறப் படிவாகி, பேசினின் விளிம்பிலும் வாளியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொள்கின்றது. நுரைக்காத சவர்க்காரத்தால் வழிப்பது சுரண்டலுக்கு அண்மையது. மாரி நாளில் ஒரு செம்பு மழைநீர் பிடித்து வைத்து அதனால் நுரையெழுப்பிப் பார்த்தவர் இவ்வேறுபாட்டை அறிவர்.

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். வெந்நீர்க் குளிப்பறையிற் கண்ணாடி புகைபடிந்து பயனற்றுப் போகும். சிறிது சவர்க்காரத்தை மெல்லிதாகத் தேய்த்துத் துடைத்தால் நீர்த்துளி துளியாய் நில்லாது படலமாய்ப் பரவி முகம் தெரியும். நம் நாட்டிற் பெரும்பாலார் குளிர்ந்த நீரில் குளிப்பவராதலின் அந்த இடர் சிறிது. ஈரத்தரையில் சவர்க்கார நுரை வழிய, கண்ணை மூடிக்கொண்டு, கையிற் கூரிய அலகோடு நிற்பது இளைஞர்க்கு ஏற்கலாம். என் வயதினர் அதனைச் செய்யாதொழிக. எனினும், கண்ணின்றி விரலால் தடவி வழிப்பவன் கண்ணாடி காட்டாததை அறிகின்றான் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கழுத்துப் புறத்தே மயிர் எத்திசையில் சாய்ந்து வளர்கின்றது என்பதைக் கண் தவறவிடும், விரல் தவறவிடாது. கைதேர்ந்த சவரத் தொழிலாளர் அலகு சென்ற வழியே பெருவிரலையும் அனுப்பிப் பார்ப்பது அதனாலன்றோ?

இனி, பேசின் எங்கிருந்து வந்தது? குழாயோடு சுவரிற் பதித்த இந்தத் தொட்டிக்கு முன்னரே நாவிதரின் கிண்ணம் இருந்தது. ஐரோப்பிய நாவிதர் வைத்திருந்த பித்தளைத் தட்டத்தின் விளிம்பிலே, கழுத்து அமரும்படி பிறைவடிவாக ஒரு வெட்டு இருக்கும். செர்வாந்தெஸ் 1605இல் வெளியிட்ட தொன் கிகோட்டே கதையில் இத்தட்டத்திற்குப் பெரும்புகழ் உண்டு. மழைக்குத் தலையைக் காக்க நாவிதன் ஒருவன் தன் தட்டத்தைக் கவிழ்த்துக்கொண்டு வர, அதனைப் பொன்முடியென்று மயங்கி, நாயகன் போரிட்டுப் பறித்துத் தானணிந்து கொள்கின்றான். நகைச்சுவை கிடக்க, அக்காலத்து முகம் வழிப்பதென்பது பிறர் கையால் நிகழ்வது என்பதை அக்கதை காட்டும். உரோமரின் பொதுக் குளிப்பிடங்களிலோ நீராடலும் மயிர் நீக்கலும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டினராகிய செனெக்கா, அத்தகைய குளிப்பிடத்தின் மேல்மாடியிற் குடியிருந்தபோது கேட்ட இரைச்சலையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். மயிர் பிடுங்குவோன் கூவுவதும், பிடுங்கப்படுவோன் அலறுவதும் அவற்றுட் சேர்த்தி. ஷவரில் வழிக்கும் நம் கணித ஆசிரியர் தம்மைப் புதுமையாளர் என்று கருதுவதற்கில்லை.

தன் முகத்தைத் தானே வழிப்பது கற்றுக்கொள்ள வேண்டிய கலையாகவே நெடுங்காலம் இருந்தது. பாரிசு நகரத்திற் கத்தி செய்யும் தொழிலாளராகிய பெரே என்பார் 1769இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அக்கலையைப் பழகாதவர்க்கும் கைகூடச் செய்தது அமெரிக்கராகிய கில்லெற் விற்பனைக்குக் கொணர்ந்த, தேய்ந்ததும் எறியத்தக்க மெல்லிய அலகு. 1903இல், முதலாண்டு விற்பனையில், 51 கத்திப்பிடிகளும் 168 அலகுகளுமே விலைபோயின. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர்க்கு 35 இலட்சம் பிடிகளும் 3 கோடியே 20 இலட்சம் அலகுகளும் வழங்கப்பட்டன. போர்வீரர் ஊர் திரும்பியபோது தாமே வழிக்கும் பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர்.

நம்மூருக்கும் அந்த அலகு வந்தது. வந்தபின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. அதற்கு முன்னர் இங்கே வழக்கம் யாது? சவரத் தொழிலாளர் குறித்த நாளில் வீட்டுக்கு வருவார். வாசல் வழியே வாரார். பின் வளவால் வருவார். மாமரத்தின் கீழோ வேம்பின் கீழோ பலகையிட்டு வேலை நடக்கும். முடிந்ததும் வழிக்கப்பட்டவர் எதனையும் தொடாது நேரே கிணற்றடிக்குச் சென்று முழுகிய பின்னரே வீட்டினுட் புகுவார். ‘வழித்த பின் தோய்ச்சல்’ என்று மூத்த ஆசிரியர் சொன்ன முறை இதுவே. கத்தி முந்தி, நீர் பிந்தி.

இம்முறைக்குத் துப்புரவு காரணம் என்பர். தலைமயிர் வெட்டியவர்க்கு அது பொருந்தும். கழுத்திலும் காதிலும் முதுகிலும் துணுக்குகள் கிடந்து அரிக்குமாதலின் முழுகுவதே முறை. முகத்தை மட்டும் வழித்தவர்க்கு முகத்தைக் கழுவினாற் போதாதோ? ஒரு செம்பு நீர் செய்யக்கூடியதைச் செய்ய இருபது வாளி ஏன்? நீத்தார் கடனிலே மைந்தன் மயிர் நீக்கி நீராடுவது சடங்கு. அதற்குரிய இடத்தில் அதற்குப் பொருளுண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஏனைய நாட்களில் நிகழும் வெறும் முகச்சவரத்துக்கும் அந்த முழுக்கு விதிக்கப்பட்டது மயிரினால் அன்று. மயிரை நீக்கிய கை எவருடையது என்பதனாலேதான். கழுவப்பட்டது அந்தக் கையின் தொடுகை. இதனைச் சொல்வதற்கு நாம் நாணலாம்; சொல்லாமல் விடுவதற்கு நாணுதல் அதனினும் தகும்.

மொழியும் இதற்கு உடந்தையாயிற்று. நோய்க்குப் பரிகாரம் செய்பவன் பரிகாரி. அது பரியாரி எனத் திரிந்து, யாழ்ப்பாணத்திலே நாட்டு வைத்தியரையும் சவரத் தொழிலாளரையும் ஒருங்கே குறித்தது. புண்ணை அறுத்துக் கட்டும் தொழில் ஒருகாலத்து இருவர்க்கும் பொதுவாயிருந்தமையே இதற்குக் காரணமாகலாம். இலண்டனிலும் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் ஒரே சங்கத்தினராயிருந்து 1745இலேதான் பிரிந்தனர். ஆனால் நம்மவர் ஒரு நுண்ணிய வேறுபாடு செய்தனர். வைத்தியர் பரியாரியார் ஆனார்; மற்றவர் பரியாரியாகவே நின்றார். ஓர் ‘ஆர்’ விகுதியால் ஒருவர் விறாந்தைக்கு ஏறினார். அதனைப் பெறாதவர் வேம்பின் கீழ் நின்றார். உயர்வு பன்மையின் இலக்கணத்தை வகுப்பிலே கற்பிக்கும்போது இந்த உதாரணத்தை நான் விடுவதில்லை.

பொதுவிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கி 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கிணற்றடிக்கு அச்சட்டம் எட்டாது. அத்தொழிலாளர் தாமே கண்ட மருந்து சலூன். வளவுக்கு வளவு அலையாமல், சந்தியிலே கடை திறந்து, நாற்காலியிட்டு, நீங்கள் வாருங்கள் என்று அழைத்தனர். நெல்லும் தேங்காயுமாக வந்த கூலி காசாயிற்று. ஆனாற் சலூனுக்குச் சென்று மீண்டவரும் நேரே கிணற்றடிக்கே சென்றனர். அதனினும் வியப்பு, கில்லெற்றின் அலகு கைக்கு வந்து, தன் கையால் தன் முகத்தைத் தானே வழித்தவரும் அவ்வாறே செய்தமை. பிறர் கை பட்டதென்னும் காரணம் போயிற்று. முழுக்கு மட்டும் நின்றது. இன்று அந்த முழுக்கின் வரலாறு அறியாத இளைஞர்கூட வழித்துவிட்டுக் குளிப்பதே முறையென்று கொண்டு, ஊறாத மயிரைச் சுரண்டிக் கன்னத்தைக் கீறிப் படிகாரம் தேய்த்துக்கொள்கின்றனர். எவரையோ இழிவுபடுத்த வகுத்த வரிசை தம் தோலை வருத்துகின்றது என்பதை அவர் அறியார்.

ஆதலின் என் கட்சி இது. முதலிற் குளித்துவிடுக. குழாயை மூடுக. முகத்தைத் துடையாமல் ஈரத்தோடு பேசினுக்கு வந்து, கண்ணாடியின் முன், ஒரு கிண்ணம் நீரோடு வழித்துக்கொள்க. ஷவர்க்காரர் சொல்லும் ஊறலும் பேசின்காரர் சொல்லும் கண்ணும் இதில் அடங்கும். கிணற்று நீரும் மிஞ்சும். அலகைக் கழுவி நீர்சொட்ட உதறி, குளிப்பறை ஈரத்தில் வையாது காற்றுப்படும் இடத்தில் வைத்தல் நன்று. குளிக்க நேரமில்லாதவர் ஈரத்துணியை மூன்று நிமிடம் முகத்தில் இட்டுக்கொண்டாற் பெரும்பாலும் அதே பயன் கிட்டும். சலூன்காரர் செய்வது அதுவே. மின்சவரக் கருவியினர்க்கு இவ்விதி இல்லை. அவர்களிற் பலர் உலர்ந்த முகத்தையே அதற்குக் கொடுப்பர். அது வேறு உலகம்.

ஷவருக்கும் பேசினுக்கும் எழுந்து செல்லமாட்டாதாரும் உளர். என் தந்தையார் தம் எண்பத்தைந்தாம் வயதிற் படுக்கையோடு கிடந்தார். கை நடுக்கத்தால் அலகைப் பிடித்தல் இயலாது. எங்கள் கையை அவர் நம்பினாரல்லர். சந்திச் சலூனிலிருந்து கிழமைக்கு இரண்டு முறை ஒருவர் சைக்கிளில் வந்து வழித்துச் செல்ல ஒழுங்கு செய்தோம். அவருடைய தகப்பனாரே முன்னாளில் எங்கள் வேம்பின் கீழ் வந்து நின்றவர். “வந்திட்டியோ?” என்று அவரை அழைத்து, வேலை முடிந்ததும் கிணற்றடிக்குச் சென்ற என் தந்தையாரை நான் சிறுவனாயிருந்து பார்த்ததுண்டு. இப்போது முழுக்கு இயலாது. முழுக்கைப் பற்றி எவரும் பேசவுமில்லை.

முதல் நாள், கிண்ணமும் வெந்நீர்த் துணியுமாக அறைக்குள் வந்தவர், எங்கிருந்து வேலையைச் செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் நாற்காலி இல்லை. நான் எடுத்துவர எழுந்தேன். தந்தையார் கட்டிலின் விளிம்பைக் கையாற் காட்டி, “இதிலை இருங்கோ” என்றார். வந்தவர் என்னைப் பார்த்தார், பின்னர் இருந்தார். துணியைப் பிழிந்து முகத்தின்மேல் இட்டுவிட்டு, மயிர் ஊறும்வரை இருவரும் பேசாமற் காத்திருந்தனர். பின்பு துணியை எடுத்து, பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, வலக்கன்னத்திலே தொடங்கினார்.